காயினுக்குப் பெண் பார்த்த கதை

அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே, அரசாங்கத்துக்குச் சம்பளம் கொடுக்கத் தெரியவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஆள் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். பண்டார் பாரு பக்கம் எங்கள் அலுவலகத்தில் டிரைவராக இருந்தான். அடையாள அட்டையில் அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவன் காயின்.

கிரிப்டோ காயின் என்றால் அவனுக்கு உயிர். அரசாங்க ஊழியர் அத்தனை பேருக்கும் ரிங்கிட்டை நிறுத்திவிட்டுக் காயினில் சம்பளம் போட வேண்டும் என்பது அவன் கொள்கை. நான் கைப்பையை மேசையில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, சம்பளம் ஏறணும்னா நாம வருஷக்கணக்கா கெஞ்சணும். காயின்னா நாம தூங்குறப்பவே ஏறும் லா!"

"எறங்குனா?"

"எறங்குனா மறுபடி ஏறும் லா!"

"நடுவுல பசிச்சா என்னடா பண்றது?"

"அலாமாக்! அக்காவுக்கு எப்பவும் சோத்து நெனப்புதான்" என்று என்னை மட்டம் தட்டிவிட்டுப் போவான்.

அவன் கைப்பேசி தனி இம்சை. காயின் விலை ஏறினால் அதில் நாதஸ்வரம் ஒலிக்கும், இறங்கினால் ஒப்பாரி. ஒருநாள், பதவி உயர்வு பெற்ற ஒருவருக்கு மேலதிகாரி மாலை போடும்போது சரியாக ஒப்பாரி கிளம்பியது. மலாய்க்காரரான அவர் அதை வாழ்த்துப்பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார். வேறு வழி? நாங்களும் தட்டினோம்.

இந்தப் பைத்தியத்துக்கும் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. லெட்சுமி, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கோயில் அன்னதானத்தில் பார்த்தானாம். நாற்பதைத் தொட்டவன், அப்பா அம்மா இல்லாதவன். "பொண்ணு பாக்கப் போறேன், எனக்கு யாரு இருக்கா? நீங்க வாங்கக்கா" என்று வந்து நின்றான். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுங்கை லாலாங்கில் அவர்கள் வீடு. லெட்சுமியின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். "மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு வேலை. மாசம் பொறந்தா சம்பளம். வேற என்னம்மா வேணும் எங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையிலிருந்து ஒப்பாரி. அம்மா பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, யாருக்கு என்னாச்சு?"

சும்மா இருந்தானா பாவி? "ஒண்ணுமில்லம்மா, காயின் எறங்கிருச்சு. இனிமே கவர்மெண்டு சம்பளமே இதுலதான் கொடுக்கணும்..." என்று கொள்கை விளக்கத்தில் இறங்கிவிட்டான். கையைக் கிள்ளினேன். அவன் நிறுத்தவில்லை. அந்தம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது.

லெட்சுமி பலகாரத் தட்டை வைத்துவிட்டு நேராக அவனைப் பார்த்தாள்.

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரு. ரப்பர் வெல ஏறுனா அவரு சம்பளம் ஏறும், எறங்குனா எறங்கும். எறங்குன மாசமெல்லாம் எங்க வீட்டுல மரவள்ளிக்கெழங்குதான். நீங்க புதுசுன்னு சொல்றத நாங்க சின்ன வயசுலயே பாத்துட்டோங்க. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா வர்ற சம்பளம் எவ்வளவுன்னு முன்னாலயே தெரியாத வீட்டுக்கு நான் இனிமே வரமாட்டேன்."

திரும்பும்போது அவன் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டான். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை.

அடுத்த வாரம் யூனியன் கூட்டம். காயின் சம்பளம் பற்றிப் பேச அவன் எப்போதோ பெயர் கொடுத்திருந்தான். சிரிப்பதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். எழுந்து நின்று, "கவர்மெண்டு எல்லாருக்கும் காயின்லயே கொடுக்கணும். இப்பவும் அதான் சொல்றேன்" என்று மலாயில் முழங்கினான். பிறகு தொண்டையைக் கனைத்தான். "என் சம்பளத்த மட்டும் ரிங்கிட்லயே போட்டுடுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா கொள்கை இது?"

"அந்தப் புள்ள ரொம்ப ஏத்த எறக்கம் பாத்துருச்சிக்கா. போதும்."

வெளியே வந்ததும் லெட்சுமியின் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, தைரியமாக நாள் பாருங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"நீங்க அவரோட ஆபீஸ்ல வேல செய்றவங்கதானே? நாங்க மாப்பிள்ள வீட்டு ஆளுங்க யார்கிட்டயாவது பேசணுமே."

"என்கிட்டயே பேசுங்கம்மா" என்றேன். "நான் அவனோட அக்கா."