ட்ரையல் சாமியின் ஒரு மணி நேரம்

இன்றைக்கு உங்கள் போனில் கேம் இறங்கிக்கொண்டிருக்கும்போது நெட் போய்விட்டாலும், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறதல்லவா? அதை உலகத்திலேயே முதலில் யோசித்தவர் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவர். எந்தச் சபையிலும் வந்து சத்தியம் செய்ய நான் தயார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆறு கம்ப்யூட்டர்களோடு நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். தங்கை மகனின் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த அந்த மடப்பள்ளிக்காரர், பக்கத்து சீட்டில் ஒரு பெண் விளையாடியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இன்டர்நெட்டில் இருந்த வெளிநாட்டு கேம் கடை ஒன்றிலிருந்து இறக்கிய ஹோட்டல் விளையாட்டு அது. தட்டு வைத்தால், வந்தவர் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்.

"பணம் கட்டாம ஒரு மணி நேரம் ட்ரையல் ஆடலாம் சாமி" என்றேன்.

"ட்ரையல்னா இன்னா நைனா?"

"ருசி பாக்கற மாதிரி."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். படைப்பதற்கு முன் ருசி பார்ப்பது மடப்பள்ளியில் மகா பாவம். உப்பு குறைவதைக்கூட வாசனையிலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

"இது படைக்கறதுக்கு இல்ல சாமி, நமக்குத்தான்."

"ஆங், அப்ப சரி" என்று உட்கார்ந்தார். அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் போய் ட்ரையல் சாமி ஆனார்.

அதற்கப்புறம் தினமும் உச்சிக்கால பூஜை முடிந்ததும் படியிறங்கி, வேட்டியெல்லாம் அடுப்புப் புகை வாசனையோடு வந்துவிடுவார். டவுன்லோடு தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு வந்ததும் எங்கள் ஊர் கரண்ட் போய்விடும். வந்ததும் மறுபடி சைபரிலிருந்து ஆரம்பம்.

"பால் காயறப்போ அடுப்பு அணைஞ்சுபோனா, மறுபடியும் அடுப்பு மூட்டுவாங்களா, இல்ல மாட்டப் புடிச்சுகினு வந்து முதல்லேர்ந்து கறப்பாங்களா? எழுது நைனா அவனுக்கு!"

கேம் கடையின் புகார்ப் பெட்டியில் அவர் சொல்லச் சொல்ல நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடிப்பேன். 'மகாராஜராஜஸ்ரீ கேம் கடை முதலாளி அவர்களுக்கு, முருகன் அருளால் இங்கு அனைவரும் நலம், அங்கு தங்கள் குடும்பத்தார் நலமறிய ஆவல்' என்பதற்குள் பெட்டி நிரம்பிவிடும். ஆகவே அவருடைய முதல் யோசனை, பெட்டியைப் பெரிதாக்குவது. இரண்டாவது, பால் விவகாரம். மூன்றாவது, ஆடிப் பார்த்தவன் மட்டுமே நட்சத்திரம் போட வேண்டும். நான்காவது, வெளிநாட்டுக் கார்டைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் மணியார்டர் வாங்கிக்கொள்வது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

கார்டு இல்லாததால் கேமை வாங்க வழியில்லை. ஒரு மணி நேரம் முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். விளையாட்டின் மூன்றாவது ஹோட்டலில் ஒரு மீசைக்காரர் வருவார், எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பார். அவர் சிரிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். வேறு கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, ஆறிலும் ஆடித் தீர்த்தார்.

"இந்த டப்பாவ ஒருவாட்டி கழுவிக் கவுத்துடேன் நைனா" என்று கெஞ்சியதில் மனமிரங்கி ஒன்றை ஃபார்மட் செய்தேன். ஒரு இன்ஜினியரிங் மாணவனின் புராஜெக்ட் அதோடு போயிற்று. அந்தப் பையன் என்னைத் திட்டிக்கொண்டிருக்க, சாமி பின்னால் உட்கார்ந்து கேமில் தோசை பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படி இன்னாதான் சாமி இருக்குது அதுல?"

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருசமா ஆக்கிக்கினு இருக்கேன். படைச்சுட்டு வெளியே அனுப்பிடுவேன். துன்றவங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. சாமி மூஞ்சியும் மாறாது. இதுல தட்ட வெச்சா சிரிக்கிறாம்பாரு, அதான்."

அதற்கப்புறம் நான் அவரைத் திட்டியதில்லை.

ஒருநாள் அந்தக் கேம் கடையே திறக்கவில்லை. இழுத்து மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.

"நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் தொறப்பாங்க" என்றார். ஒரு வாரம் தினமும் வந்து, வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று சித்தூரிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும் அன்று வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். "இது கோயில்து இல்ல. வூட்ல பண்ணேன், உனக்குன்னு. இங்கயே துன்னு."

அன்று ஹால் டிக்கெட் எடுக்க ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. அதைத் தட்டிக்கொண்டே நாலு வாயில் பொங்கலை விழுங்கி, தலையைத் தூக்காமல் "சூப்பர் சாமி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "வரேன் நைனா" என்று இறங்கிப் போனார்.

அப்படியொரு பொங்கலை அதற்கு முன்பும் நான் சாப்பிட்டதில்லை, பின்பும் சாப்பிட்டதில்லை. அந்தப் பிரிண்டரை விட்டுவிட்டு ஒரே ஒரு தரம் நிமிர்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்.