நீலமூடி டப்பாவும் முதல் கையெழுத்தும்

இனிமேல் சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் போவதில்லை என்று நெய்னா முகம்மது முடிவு செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள் சக்கரப் பையை இழுத்தே கழிந்திருந்தன. பிடோக் வீட்டிலிருந்து இரண்டு பையோடு ரயிலேறி, மீன் கடையில் நின்று, கீரைக் கடையில் நின்று, மனைவி உம்மு சல்மா வெண்டைக்காயை ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கும்வரை நின்று, நின்று, நின்று... லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். பழுதாகி நின்ற லிஃப்டைக்கூட அவ்வளவு நேரம் நிற்க விட்டதில்லை.

தப்பிக்க ஒரு காரணம் வேண்டுமே? சர்க்கரை கை கொடுத்தது.

“சல்மா, டாக்டர் தினமும் பத்தாயிரம் அடின்னு சொல்லிட்டாரு. சனிக்கிழமை காலையில நான் தனியா, வேகமா நடக்கணும்.”

“பத்தாயிரம் அடியா? சொன்னது அவரு, சரி; குடுக்கறது யாரு? நானா?”

“நடக்கிற அடி!”

“சந்தையில என்ன பறக்கவா செய்றோம்?”

“அங்க எங்க நடக்கிறோம்? நிக்கத்தானே செய்றோம்! நிக்கிறதுக்கெல்லாம் சர்க்கரை இறங்காது லா.”

உம்மு சல்மா கிளினிக் கவுண்ட்டரில் வேலை பார்ப்பவள். ‘எனக்கு ரொம்ப அவசரம்’ என்று தினமும் அறுபது பேர் சொல்வதைக் கேட்டுப் பழகியவள். புருஷன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி, நடங்க” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை.

நடந்தார் என்பது பொய்யில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஆபீஸில் அருண்ராஜ் என்ற பையன் ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்திருந்தான். ஜியோகேஷிங். ஊர் முழுக்க யார் யாரோ சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். இடத்தைக் கைபேசி காட்டும். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. பாராட்டுக் கூட்டம் கிடையாது. வேற்று ஆள் பார்த்தால் செருப்பு வாரைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்ள வேண்டும். நெய்னா போட்டிருந்தது வாரே இல்லாத செருப்பு. இருந்தாலும் குனிந்து கட்டினார்.

‘பிடோக் புலி’ என்ற பெயரில் நான்கு மாதத்தில் எண்பது பெட்டி கண்டுபிடித்தார். ஒரே ஒரு ஏக்கம்தான் பாக்கி. புதிதாக ஒளித்த பெட்டியை முதல் ஆளாகக் கண்டு, வெற்று நோட்டில் முதல் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் போய்ச் சேர்வதற்குள் யாராவது போட்டிருப்பார்கள்.

அடுத்து, தானே ஒரு பெட்டி ஒளிக்க ஆசை வந்தது. சிங்கப்பூரில் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் போலீஸ் வந்துவிடும். அதனால் இடத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், பெட்டி உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடிபோல் இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது. அனுமதிக்கு, தேக்காவுக்குப் பக்கத்தில் டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் அப்துல் கஃபார் இருந்தார். கடை வாசலில் வரிசையாகக் கற்றாழைத் தொட்டிகள். பெட்டிக்கு?

சமையலறை அலமாரியில், மேல் தட்டில், நீலமூடி போட்ட ஒரு டப்பா இருந்தது. ரசம் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. உம்மு சல்மா அதில் யாருக்காவது கறி கொடுத்து அனுப்பினால், டப்பா திரும்பி வரும்வரை தூங்கமாட்டாள். அடியில் நகப்பூச்சால் ‘உ.ச.’ என்று எழுதி வைத்திருந்தாள்.

நெய்னா அடியைப் பார்க்கவில்லை. எடுத்துப் போய்க் கற்றாழைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

மூன்றாம் நாள் வீட்டில் விசாரணை ஆரம்பமானது.

“என்னங்க, என் நீலமூடி டப்பா எங்க?”

“எந்த டப்பா?” என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. உடனே, கேட்காமலே ஒரு பதிலும் சேர்த்தார். “பக்கத்து வீட்டு ஹஸீனாவுக்கு ரெண்டாங் கறி குடுத்தியே. அங்கதான் இருக்கும்.”

உம்மு சல்மா போய்க் கேட்டாள். ஹஸீனா தன் அலமாரியையே திறந்து காட்டி, அதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். பதினைந்து வருடச் சிநேகிதம். நெய்னாவுக்கு உறுத்தியது. டப்பாவைத் திருப்பி எடுத்து வந்துவிடலாம் என்றால் அதற்குள் ஒன்பது பேர் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டு, ‘அருமையான இடம், நன்றி’ என்று எழுதிவிட்டார்கள். ஒன்பது நன்றி! வீட்டில் இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை உம்மு சல்மா தனியாகச் சந்தைக்குப் போனாள். பருப்பு வாங்க அப்துல் கஃபார் கடைக்கு வந்தபோது, ஒரு சீனத் தம்பதி கற்றாழைத் தொட்டிக்குப் பின்னால் குனிந்து, ஒரு டப்பாவைத் திறந்து, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூடி நீலம். அவர்கள் போனதும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். உ.ச.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். கஃபாரிடம் நாலு கேள்வி கேட்டாள். வீட்டுக்கு வந்து, புருஷனுக்குக் கோப்பி கலந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்த விளையாட்டுக்கு என்னமோ பேராமே?”

கோப்பியைக் கீழே வைத்தார். “ஜியோகேஷிங்” என்றார்.

“கேஷ் வருமா?”

“இது வேற கேஷ், சல்மா. ஒளிச்சு வைக்கிறது.”

“அதைத்தான் நாலு மாசமா செஞ்சிருக்கீங்களே.”

மழை கொட்டப் போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டார். மழை வரவில்லை. “அதுல ஏதாவது முறை இருக்கா?” என்று கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல.

முறையா! நெய்னா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிறைய இருக்கு! அனுமதி இல்லாம ஒளிக்கக்கூடாது. கண்டுபிடிச்சா கையெழுத்துப் போட்டே ஆகணும். உள்ள இருக்கிற சாமான் ஒண்ணை எடுத்தா, அதுக்குச் சமமாவோ மேலாவோ ஒண்ணு வைக்கணும். முக்கியமா, உள்ள என்ன இருந்துச்சுன்னு வெளியில மூச்சு விடக்கூடாது. அடுத்தவன் சந்தோஷம் கெட்டுப்போகும்.”

“மூச்சே விடக்கூடாதா?”

“விடவே கூடாது. அதுதான் கௌரவம்.”

“நல்ல முறைங்க” என்றாள் உம்மு சல்மா. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இவ்வளவுதானா என்று நெய்னாவுக்கே ஆச்சரியம். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைபேசி கிணுகிணுத்தது. தேக்கா பக்கம் புதுப் பெட்டி! ஒளித்தவர் பெயர் ‘காத்திருக்கவும்’. இதுவரை கண்டுபிடித்தவர்: யாரும் இல்லை.

பல் தேய்த்தாரா என்பது சந்தேகம். மனைவி போர்வையை இழுத்துத் தலைவரை மூடியிருந்தாள். நெய்னா ரயிலைப் பிடித்து, லிட்டில் இந்தியாவில் இறங்கி, மூச்சிரைக்க ஓடினார். கைபேசி, சந்தையில் பழக்கமான லட்சுமியின் பூக்கடையைக் காட்டியது. மாலைகளுக்கு நடுவே லட்சுமி அவரைப் பார்த்து ஏனோ புன்னகைத்தாள். கடைப் பலகைக்கு அடியில் கை விட்டார். சிக்கியது. நோட்டைத் திறந்தார். வெற்றுத்தாள்! கண் கலங்கியது. ‘பிடோக் புலி’ என்று முதல் கையெழுத்தைப் போட்டார்.

பிறகுதான் நோட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த துணிப்பையையும் அதில் குத்தியிருந்த சீட்டையும் பார்த்தார். கிளினிக் கவுண்ட்டரில் ‘காத்திருக்கவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கும் அதே உருண்டைக் கையெழுத்து.

‘முதலில் கண்டவருக்கு வாழ்த்து. பையை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயம் ஒரு கிலோ. முருங்கைக்காய் ஆறு, முற்றல் வேண்டாம். வெண்டைக்காய் அரைக் கிலோ, நுனியை ஒடித்துப் பார்க்கவும். ஹஸீனாவுக்கு ஜிலேபி ஒரு கிலோ. நீங்களே கொடுத்து, நடந்ததையும் நீங்களே சொல்லவும்.’

நடுத்தெருவிலேயே போன் அடித்தார்.

“சல்மா! என்ன இது? அதுக்குள்ள நீ...”

“ஷ்!” என்றது கொட்டாவியோடு ஒரு குரல். “உள்ள இருக்கிறதை வெளியில மூச்சு விடக்கூடாது. நீங்கதானே சொன்னீங்க?”

“இது அநியாயம்!”

“லட்சுமிகிட்ட அனுமதி வாங்கித்தாங்க வச்சேன். கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“முதல் ஆளா?”

நெய்னா அடக்க முடியாமல், “முதல் ஆளா!” என்றார்.

“அப்ப சந்தோஷமா வாங்கிட்டு வாங்க. பையை எடுத்ததுக்குப் பதிலா ஏதாவது வைக்க மறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தூங்கப் போனாள்.

பதிலுக்குத் தன் புதுச் சாவிக்கொத்தின் வளையத்தைக் கழற்றி வைத்தார். வெங்காயத்தை நிறுத்து வாங்கினார். முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்தார். வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்தபோது, இது அவ்வளவு மோசமான வேலையில்லை என்றுகூடத் தோன்றியது. ஜிலேபிக் கடையில் வரிசையில் நின்றபடி கைபேசியில் எழுதினார்: ‘அருமையான இடம். முதல் கையெழுத்து என்னுடையது. நன்றி.’ வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. கௌரவம்.

ஜிலேபியை வாங்கிப் பையில் போடும்போது கைபேசி மறுபடி கிணுகிணுத்தது. புதுப் பெட்டி, கேலாங் செராய் சந்தை. ஒளித்தவர் ‘காத்திருக்கவும்’. குறிப்பு: மீன் வாசம் வரும்.

நெய்னா முகம்மது வெங்காயப் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரயிலைப் பார்த்து ஓடினார், வேறு எவனாவது முந்திக்கொண்டு போய்த் தன் பெண்டாட்டிக்கு மீன் வாங்கிவிடுவானோ என்ற பயத்தில்.