நாற்பத்திரண்டு பெட்டி வரலாறு

இந்த வீட்டைவிட்டு ஒரு காகிதம்கூட வெளியே போகாது என்று ஜீப் சார் சபதம் எடுத்தார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். ராணுவப் பட்டறையில் முப்பது வருஷம் குமாஸ்தா. பழைய ஜீப்புகளை உடைத்து இரும்புக்குப் போட்டபோது, அவற்றின் பதிவுப் புத்தகங்களை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எந்த வண்டி எந்தப் போருக்குப் போனது, எங்கே டயர் வெடித்தது, யார் பழுது பார்த்தது, எல்லாம் அதில் உண்டு. வண்டி போனாலும் வரலாறு போகக் கூடாதாம்.

அந்த வரலாறு நாற்பத்திரண்டு பெட்டிகளாக முன்னறையில் குடியிருந்தது. அஞ்சல்வழியில் பட்டம் படிக்கும் மனைவியோ, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தார். இரும்புக்கடைக்குப் போன ஜீப்புக்கு ஜன்னலோரம். உயிரோடிருக்கும் மனுஷிக்கு அடுப்படி. என்ன நியாயமோ!

“என்னங்க, மாடி அறை சும்மாதானே கிடக்கு? பெட்டியையெல்லாம் அங்க வைக்கலாமே.”

“ஐயோ, என் முதுகு! அதுவும் அங்க ஒரே ஒட்டடை.”

“ரெண்டு வருஷமா இதே முதுகா?”

“முதுகை மாத்தவா முடியும்?”

“சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை பழைய பேப்பர்காரர் வராராம்.”

“வ… வரட்டும். அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

அந்தச் ‘சும்மா’வைக் கேட்டதும் சார் பெட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை மனைவி அஞ்சல்வழிப் படிப்பின் வாரக்கடைசி வகுப்புக்குக் கிளம்பியதும் களத்தில் இறங்கினார். மாடி அறையில் ஒட்டடை அடித்தார், பெருக்கினார், துடைத்தார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் படியேற்றினார். பதினாறாவது பெட்டியில் முதுகு நிஜமாகவே வலித்தது. நாற்பத்திரண்டாவதில் முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பட்டறைப் பழக்கம் விடுமா? மூச்சு வாங்க உட்கார்ந்து இடமாற்றப் பதிவேட்டைத் திறந்தார். ‘புதிய இடம்: மாடி அறை. காலம்: நிரந்தரம்.’ பேப்பர்காரர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம் அல்லவா? கையெழுத்துப் போட்டு, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதிவேட்டைக் கீழே அலமாரியில் வைத்தார்.

மறுநாள் மணி அடித்தது. வாசலில் தச்சர், கூடவே புது மேசை.

“போன மாசம் சொன்ன அதே அளவுதாம்மா. எங்க போட?”

“முன்னறையில ஜன்னலோரம்ணே.”

சார் திகைத்து நின்றார். “பேப்பர்காரர் எங்க?”

“பக்கத்து வீட்டுக்கு வந்தார். எடுத்துட்டுப் போயிட்டார்.”

“நம்ம வீட்டுக்குன்னு சொன்னியே!”

“நான் எப்ப சொன்னேன்?”

சார் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

“அப்ப பெட்டியெல்லாம் திரும்பக் கீழ வரணும்!”

மனைவி அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். “நிரந்தரம்னு போட்டிருக்கு. பதிவேட்டில ஏறினதை அடிக்கவே கூடாதுன்னு முப்பது வருஷமா சொல்றது யாரு?”

கையெழுத்து அவருடையதுதான். தேதிகூடச் சரியாக இருந்தது.

“நிக்காதீங்க. மேசைக்கு ஒரு கை பிடிங்க. முதுகுதான் நல்லாயிருக்கே.”