மூன்று செபச் சூடு

அன்று அந்தத் தகரப் பீப்பாவைச் சுற்றி நின்றவர்கள் மூவர்: ஐஸ் அண்ணை, அவர் மனைவி மேரி அக்கா, அவர்கள் வீட்டில் அறை எடுத்திருந்த நான். இல்லாதது தெர்மோமீற்றர். அது இரண்டு ஞாயிறுக்கு முன்பே செத்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே செபத்தால் சூட்டை அளந்த ஒரே மனிதர் ஐஸ் அண்ணைதான் என்று நான் எங்கேயும் சத்தியம் பண்ணுவேன்.

குருநகரில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது, ஐஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலைக்கு நின்றதால். குளிரைப் பற்றி அவரோடு கதைத்து வெல்ல ஏலாது. சூட்டுப் பக்கம் அவரை இழுத்து வந்தவள் மகள் ஷெரின். கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, போனில் பார்த்த, புகையில் வேகவைத்த பன்றி விலாதான் வேண்டும் என்றாள். அண்ணை "ஓம்" என்றுவிட்டார். அவளும் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, நீ படிச்சனி. பீப்பாவிலை எத்தினை டிகிரி சூடு வேணும்?" என்று அண்ணை கேட்டார்.

நான் அச்சுவேலித் தோட்டக்காரச் சைவ வீட்டுப் பிள்ளை, முட்டையும் தொடாதவன். ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் முடித்தவர் இல்லை. ஆகவே யாராவது "படிச்சனி" என்றால் உடனே பொறுப்பெடுத்துவிடுவேன். இரண்டு நாள் தேடி வாசித்து, "நூற்றிப்பத்து, அண்ணை. ஐஞ்சு மணித்தியாலம்" என்றேன்.

அண்ணை ஐஸ் தொழிற்சாலைத் தெர்மோமீற்றரைச் சூடேறிய வெறும் பீப்பாவில் தொங்கவிட்டுப் பார்த்தார். ஐம்பதுக்கு மேல் எண்ணத் தெரியாத பிறவி அது. டப்!

"வேறை வாங்குவம், அண்ணை."

"கருவி சாகும் தம்பி. கை சாகாது."

மூடியில் இருந்த ஓட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடித்து, மாதாவுக்கான அருள்நிறை செபம் சொல்லத் தொடங்கினார். ஆறாவது செபத்தில் கை சுட்டு எழும்பினால் சூடு சரி என்பது அவர் கணக்கு. ஆறில்தான் எழும்பியது. ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தோம்.

"இஞ்சாருங்கோ," என்றார் மேரி அக்கா, "இதிலை எது கரி, எது விலா?"

அடுத்த ஞாயிறும் ஆறுதான். இந்த முறை உள்ளே ரத்தம்.

"பண்டி இன்னும் சாகேல்லை," என்றார் மேரி அக்கா.

அண்ணை அசரவில்லை. புதுநன்மைக்கு முதல்நாள் சனிக்கிழமை, ஒரு சின்னத் துண்டோடு மறுபடி நெருப்பு மூட்டினார். நான் நேரம் குறிக்கக் கொப்பியும் மணிக்கூடுமாகப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் பிடிபட்டது.

"அண்ணை, சூடு கூடினால் கை நோக நோக வேகமாச் செபிக்கிறியள். குறைஞ்சால் ஆறுதலா இழுக்கிறியள். எப்பிடியும் ஆறுதான் வரும்!"

அவர் கையை ஊதிக்கொண்டே கேட்டார்: "அப்ப, மாதாவிலை பிழையில்லை?"

"இல்லை. உங்களிலைதான்."

"சரி. கை என்ரை. வாய் அவளின்ரை," என்று மேரி அக்காவைக் காட்டினார்.

மேரி அக்கா செபமாலையோடு அண்ணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார், அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு வேகம் கூட்டாமல் இருக்க. அவருடைய நிதானத்தில், மூன்றாவது செபத்தில் அண்ணையின் கை எழும்பிய சூட்டில் துண்டு சரியாக வெந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, புது வேட்டியோடே அண்ணை பீப்பாவடியில் நின்றார். அரைமணிக்கு ஒருக்கால் கை. சூடு கூடினால் நான் பீப்பாவின் அடி ஓட்டைக்குக் கல்லை நகர்த்திக் காற்றை அடைப்பேன், குறைந்தால் திறப்பேன்.

"கெதியாச் சொல்லப்பா, கை வேகுது!" என்று அண்ணை அக்காவிடம் கத்துவார்.

"மாதாவை அவசரப்படுத்தாதேங்கோ."

பின்னேரம் ஐந்துக்கு வெள்ளைச் சட்டையோடு ஷெரின் வந்தாள், பின்னால் பன்னிரண்டு பேர். ஒரு கடி கடித்தாள். அண்ணை சிவந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அப்பா, போனிலை வாசம் வரேல்லை. இதிலை வருது."

அண்ணை அந்தக் கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

மொத்தமாக எங்களுக்குச் செலவானது: ஒரு தெர்மோமீற்றர், மூன்று ஞாயிறு, அண்ணையின் வலது கை ரோமம் முழுக்க, பிறகு என்ரை சைவம்.