நொண்டி டாக்டரின் கோழி நடை

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும், இரண்டு கால்களும் நன்றாக இருந்தும் 'நொண்டி டாக்டர்' என்று பெயர் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அரசுக் கால்நடை மருத்துவர். கோழியைக் கையில் தூக்குமுன் அது நடப்பதைப் பார்ப்பார். பிறகு அதைப் போலவே தானும் நடப்பார். "நடந்தாத்தாங்க எங்க வலிக்குதுன்னு தெரியும்" என்பார். பழக்கம் பண்ணையோடு நிற்கவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில், மேடையேறிய மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே காலை அகட்டி நடந்துபோய், "ஷூ ஒரு சைஸ் சின்னது" என்று காதில் சொன்னார். மாப்பிள்ளை பெண்ணின் கையை விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூலாம்பாடியில் செல்வியின் பண்ணைக்கு, செய்தி சேகரிக்க அவருடன் நானும் போனேன். ஒரு கம்பெனி தரும் குஞ்சுகளை வளர்த்துக் கொடுப்பவர் செல்வி. நான்கு வாரக் கோழிகள் எழ முடியாமல் கிடந்தன. கம்பெனி சூப்பர்வைசர் தீர்ப்போடு நின்றார்.

"கீழ போட்ட உமி ஈரம். பராமரிப்பு சரியில்லம்மா. அடுத்த பேட்ச் குஞ்சு கிடையாது."

"மூணு தடவ உமி மாத்திட்டேங்க!" செல்வி மூலையில் கிடந்த காலி உமிச் சாக்குகளைக் காட்டினார்.

டாக்டர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டார். இடுப்பைத் தாழ்த்தி இரண்டு எட்டு வைத்தார், உட்கார்ந்தார், மறுபடி இரண்டு எட்டு. ஷெட்டின் கோடி வரை இப்படியே. கோழிகளே தலையைத் திருப்பிப் பார்த்தன.

"சார், நீங்களும் நடங்க" என்றார் சூப்பர்வைசரிடம்.

"நானா?"

"நடங்க சார். வலி பாதத்துலயா, மேலயா?"

சூப்பர்வைசர் கைப்பையோடு நொண்டினார். நான் நோட்டால் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு கோழியைத் தூக்கித் திருப்பினார். "ஈரம்னா பாதம் வெந்து புண்ணாயிருக்கும். பாருங்க, சுத்தமா இருக்கு. மூட்டுக்கு மேல தசைநார்தான் வீங்கியிருக்கு, ரெண்டு கால்லயும். வைரஸ் மாதிரி தெரியுது. தாய்க்கோழிகிட்டேருந்து முட்டை வழியாவே வரும். லேப் ரிசல்ட் வர்றவரைக்கும் இவங்க மேல எதுவும் எழுதாதீங்க."

ஆய்வகமும் வைரஸ் மூட்டு நோய் என்றே சொன்னது. அதற்கு மருந்தில்லை, படுத்துவிட்ட கோழிகள் தேறவில்லை. ஆனால் செல்விக்கு அடுத்த பேட்ச் குஞ்சு வந்து இறங்கியது.

போன மாதம் டாக்டர் இடது காலைத் தாங்கித் தாங்கிப் பூலாம்பாடி டீக்கடைக்கு வந்தார்.

"இது யாரு வூட்டுக் கோழி, சார்?" யாரோ கேட்க, கடையே சிரித்தது. நானும்தான். அவரும் சிரித்தார்.

பால் ஊற்ற வந்திருந்த செல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கோழி நடை எனக்குத் தெரியாதா? இது உங்க வலி. ஒக்காருங்க சார்."

டாக்டர் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் அவர் காலைப் பார்த்தோம்.