சாமிக்கு முன்னால் ஒரு துவக்கு

“…அதனால தொர சொல்றதுக்கு முன்னாடி நானே வேலைய விட்டுர்றேன் புள்ள. தோட்டாவக் கழட்டுனேன்னுதான் மனசு சொல்லுது. ஆனா வெடிச்சிருச்சே. அப்ப மனசுதானே பொய் சொல்லுது,” என்று சந்தனம் மாமா சொன்னபோது, நாங்கள் இருவரும் ஸ்டோரின் சீமெந்துத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து தேயிலைத் தூளுக்குள் ஈயக்குண்டு தேடிக்கொண்டிருந்தோம்.

(ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. சீனி, பருப்பு வாங்கும் கடை அல்ல. தொர என்றால் தோட்டத்து மேலாளர்.)

தேயிலைக்குள் ஈயக்குண்டு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான்தான் காரணம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். முதல்நாள் காலையிலிருந்து அந்த நிமிடம் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரர் இறங்கும்போது என் தாலிக்கொடியின் கனம் வரைக்கும் தெரிந்துகொண்டு இறங்குவார், அப்படிப்பட்ட வாய் எனது. அந்த ஒரு நாள் மட்டும் அது பூட்டிக் கிடந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்பதே தெரியாத வயது. வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் (பேர் வேண்டாம், இன்னும் அங்கே என் சொந்தக்காரர்கள் வேலை செய்கிறார்கள்) சின்னக் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம். அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து அதே தோட்டத்து ஆபீசில் கதிரை போட்டு உட்கார்ந்தவள். கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் நடந்துகொண்டேன்.

சந்தனம் மாமா எங்கள் லயத்துக்காரர், தோட்டத்து வாச்சர். காட்டுப்பன்றி இறங்கி மரக்கறிப் பாத்திகளைக் கிளறாமல் பார்க்க அவர் கையில் ஒரு பழைய ஒற்றைக்குழல் துவக்கு இருக்கும். என்னைக் குழந்தையிலிருந்து “புள்ள” என்று கூப்பிட்டவர். நான் கிளார்க் ஆனதும் ஆபீஸ் வாசலுக்குள் “மிஸ்” என்பார். வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் மறுபடியும் “புள்ள”.

துவக்கு விஷயத்தில் மாமாவைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. யாரிடம் கொடுத்தாலும் அதை நடுவில் மடக்கி, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து, “பாத்துக்க, அந்தப் பக்கம் வானம் தெரியுதா?” என்று கேட்பார். வானம் தெரிந்தது என்று வாயால் சொன்னால்தான் கொடுப்பார். தோட்டாக்களைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஆபீஸ் அலுமாரியில் வைத்திருப்பார்.

“பட்டினி கெடக்குற துவக்கு பச்சப்புள்ள மாதிரி. அதுக்குச் சோறு போட்டுட்டம்னா நம்ம தூங்கக்கூடாது,” என்பார்.

அந்த அலுமாரிச் சாவி என்னிடம் இருந்தது. சனியன் அங்கேதான் ஆரம்பித்தது.

நவராத்திரியின் கடைசி நாள் ஸ்டோரில் ஆயுத பூஜை. தோட்டத்தில் அது பெரிய நாள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கும் டாங்கி எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, கொழுந்து உருட்டும் ரோலர் மெசினுக்குப் பக்கத்தில் மேசை போட்டு அடுக்குவார்கள். லொறி, தொரயின் ஜீப், தோட்டத்து ஆம்புலன்ஸ் எல்லாம் மாலையோடு வாசலில் நிற்கும். அந்த வருடம் அலங்காரப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். போனில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். அது போதாதா?

அந்த வீடியோக்களில் ஒன்றில் ஒரு அம்மா சொன்னார், சாமிக்கு முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக்கூடாது என்று. குடம் என்றால் நீர், படி என்றால் அரிசி. எனக்கு அது அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கொழுந்துக் கூடை வெறுமையாக இருந்தது. பச்சைக் கொழுந்து நிரப்பச் சொன்னேன். தீயணைக்கும் வாளிக்கு மணல். எண்ணெய்க் குப்பிக்கு எண்ணெய். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் அதற்குள் ஒரே ஒரு பிளாஸ்டரும் செத்துப்போன ஒரு பூச்சியும் இருந்தன. பூச்சியை எடுத்துவிட்டு அரைச் சீப்பு வாழைப்பழம் வைத்தேன்.

“மிஸ், இது காயத்துக்கு மருந்து வைக்கிற பெட்டிங்க,” என்றார் டீமேக்கர் ஐயா. ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. நல்ல பருமன், சர்க்கரை வியாதிக்காரர், எதற்கும் குனியாத மனிதர்.

“வெறுமையா வைக்கக்கூடாதுங்க ஐயா.”

“நல்லது. காயம் பட்டவன் பழத்தத் தின்னுட்டுச் சாகட்டும்.”

அப்போதுதான் சந்தனம் மாமா துவக்கோடு வந்தார். வழக்கம்போல மடக்கிக் காட்டினார். “வானம் தெரியுதா?”

“தெரியுது மாமா.”

“அப்பச் சரி. சாத்தி வச்சிட்டு யாரையும் தொட விடாத. நான் வாசல்ல வாழக்குத்தி கட்டிட்டு வந்துர்றேன்,” என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

துவக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். தடித்த செவ்வந்தி மாலை ஒன்று போட்டேன். ரோலருக்குப் பக்கத்தில் மேசையின் காலோடு சாத்திவைத்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எல்லாம் நிறைந்திருந்தது. கூடை நிறைந்திருந்தது, வாளி நிறைந்திருந்தது, வாழைப்பழப் பெட்டி நிறைந்திருந்தது. அது ஒன்றுதான் வெறுமையாக நின்றது.

இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆபீசுக்குப் போனேன். அலுமாரியைத் திறந்தேன். பொடி ஈயக்குண்டுகள் அடைத்த ஒரு தோட்டாவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். மாமா நூறு தடவை மடக்கிப் பார்த்திருந்ததால் எனக்கும் மடக்க வந்தது. போட்டு மூடினேன். விசையைத் தொடவில்லை, மேலே இருக்கும், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற குதிரையையும் இழுக்கவில்லை. ஆகவே ஆபத்தில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். தோட்டாவுக்கும் சேர்த்து ஒரு குங்குமப் பொட்டு வைத்துத்தான் உள்ளே போட்டேன் என்பதை இவ்வளவு காலம் கழித்து இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பூஜை நல்லபடி நடந்தது. கற்பூரம் காட்டி, திருநீறு கொடுத்து முடிந்ததும் எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. மெசின்களை எல்லாம் ஒரு நிமிடம் ஓடவிடுவார்கள். சாமி பார்க்க மெசின் ஓடினால் வருடம் முழுக்கப் பழுதில்லாமல் ஓடும் என்று நம்பிக்கை. டீமேக்கர் ஐயா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரோலர் சுவிட்சைப் போட்டார்.

ரோலர் ஓடினால் ஸ்டோர் தரை முழுக்க நடுங்கும். தினமும் நடுங்குகிற தரைதான், யாரும் கவனிப்பதில்லை. அன்றைக்கு அந்த நடுக்கத்தில் மேசைக்கால் நடுங்கியது. மேசைக்காலோடு துவக்கு நடுங்கியது. தடித்த செவ்வந்தி மாலை ஒரு பக்கம் இழுத்தது. துவக்கு மெல்லச் சரிந்து, போகிற போக்கில் அதன் குதிரை ரோலரின் இரும்பு விளிம்பில் இடித்தது.

சத்தம் கேட்டதும் வெளியே நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். பூஜைக்கு வெடி போட்டதாக நினைத்திருக்கிறார்கள். உள்ளே ஒருவருக்கும் காது கேட்கவில்லை. பூசாரி மேசைக்கு அடியில் இருந்தார். எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது.

“நான் மணியே ஆட்டல, ஆனா மணிச் சத்தம் நிக்க மாட்டேங்குது,” என்றார் கீழேயிருந்து.

சுவர் ஓரமாக, கொழும்புக்கு அனுப்ப அடுக்கியிருந்த தேயிலைப் பைகளில் மூன்றிலிருந்து, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தூள் கொட்டியது. அந்தப் பைகளுக்கும் துவக்குக்கும் நடுவில்தான் டீமேக்கர் ஐயா நின்றிருந்தார். நின்றிருந்தார் என்றால், ஒரு நொடி முன்பு வரை. எல்லோரும் மெசினைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மனைவி பார்க்காமல் ஒரு கை சர்க்கரைப் பொங்கல் அள்ளுவதற்காகத் தரையிலிருந்த பானைக்குக் குனிந்திருக்கிறார். குண்டுகள் அத்தனையும் அவர் முதுகுக்கு மேலாகப் போயிருக்கின்றன. நிமிர்ந்தபோது கையில் பொங்கல், முகத்தில் ரத்தமே இல்லை. சர்க்கரை வியாதிக்காரரைச் சர்க்கரைப் பொங்கல் காப்பாற்றியது என்று தோட்டமே பேசியது. அவர் மனைவி மட்டும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் அந்த ஒரு வாய்க்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தால் இன்றும் பொங்கலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவேன்.

எல்லோருடைய கண்ணும் சந்தனம் மாமா பக்கம் திரும்பியது.

“கழட்டித்தானே குடுத்தேன்,” என்றார் அவர். வானத்தைப் பார்த்த சாட்சி நான், பூசாரியைத் தூக்கிவிடக் குனிந்துகொண்டேன். “கழட்டுனேன்,” என்று இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பன்றிக்காவலுக்குப் போன துவக்கு, கிழவன் தோட்டாவை எடுக்க மறந்துவிட்டான் என்று அவரவர் மனதில் எழுதிவிட்டார்கள். தொர வந்து துவக்கைத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். “நாளைக்குப் பேசுறேன்,” என்றார் மாமாவைப் பார்த்து. ஓட்டை விழுந்த மூன்று பையும் குப்பைக்குப் போகட்டும், சுற்றியிருந்த பைகளையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு பிடி தூள் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. காந்தத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஈயம் காந்தத்தை மதிக்கவில்லை. சலித்துப் பார்த்தார்கள். குண்டும் தூளும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. கையால்தான் பொறுக்க வேண்டும். மறுநாள் காலை, தண்டனை மாதிரி மாமா தானாகவே உட்கார்ந்தார். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். “பாருங்க, அந்தப் புள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு,” என்று கொழுந்து எடுக்கும் அக்காமார் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

அப்படிப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் மாமா அதைச் சொன்னார், தன் மனசு தனக்கே பொய் சொல்கிறது என்று. வேலை போவதைப் பற்றி அவர் வருத்தப்பட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி. ஆனால் அந்த மனிதர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி.

“மாமா, நான்தான் போட்டேன்.”

“என்னத்த?”

“தோட்டாவ. வெறும் துவக்க சாமிக்கு முன்னால வைக்கக்கூடாதுன்னு.”

அவர் கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். திட்டவில்லை. “எந்திரி,” என்றார்.

தொரயின் ஆபீசில் நான் முழுவதையும் ஒப்பித்தேன். தொர சிங்களவர், தமிழை எங்கள் தோட்டத்திலேயே படித்தவர், எல்லோரையும் நீ என்றுதான் சொல்லுவார், கோயில் ஐயரையும் சேர்த்து.

“எல்லாத்தையும் நெறைச்சு வெச்சியா?”

“ஆமாங்க சார்.”

“வாசல்ல ஆம்புலன்சுக்கும் மாலை போட்டியே. அதுல யாரை ஏத்தி வெச்சே?”

கேலி என்று எனக்குப் புரியவில்லை. “அதுக்கு ஆள் கெடைக்கலீங்க சார்,” என்றேன் பணிவாக.

தொர ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. திரும்பியபோது முகம் மறுபடியும் தொர முகம்.

“டீமேக்கர் குனியாம இருந்தா ஆள் கெடைச்சிருக்கும்,” என்றார். அது கேலி இல்லை என்று எனக்கே புரிந்தது.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். “எம்மேலயும் பிழை இருக்குங்க சார். கழட்டிக் காட்டிட்டாப் போதும்னு நெனச்சு, அத விட்டுட்டு வாழக்குத்தி கட்டப் போனேன். திரும்பி வந்தப்ப மறுபடி ஒருக்கா பாத்திருக்கணும். பாக்கல.”

சாவி என் கையிலிருந்து போனது. தோட்டா டின் தொரயின் இரும்புப் பெட்டிக்குள் போனது. அதற்குப் பிறகு ஆயுத பூஜைக்கு எங்கள் தோட்டத்தில் துவக்கு வருவதே இல்லை, பேருக்கு ஒரு டோர்ச் லைட்தான் வைப்பார்கள். வாச்சர் வேலை மாமாவிடமே இருந்தது.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைக் கல்யாணத்துக்கு முன்பே யாரிடமோ கேட்டுவிட்டுத்தான் பெண் பார்க்க வந்தார். இன்றும் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டினால், மகள் பின் ஆசனத்திலிருந்து, “அம்மா, ஆள் கெடைச்சிருச்சு போல,” என்பாள். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதோடு, தண்ணீர்த் துவக்கு பொம்மையாக இருந்தாலும் என் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து நீட்ட விடமாட்டேன். அதற்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்குத் தொரயின் ஆபீசிலிருந்து இருவரும் ஸ்டோருக்குத் திரும்பி வந்து, பழைய இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாமா தன் முன்னால் பாக்கியிருந்த தூள் குவியலைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை அப்படியே அணைத்து, என் பக்கமாகத் தள்ளினார். வெறும் பை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்து, காலை நீட்டிப் படுத்தார். நான் அடுத்த குண்டைக் கண்டுபிடிப்பதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.