எப்படி மேடத்தின் குறுக்கு விசாரணை

“உட்காரும்மா! கேட்டது போதும், உட்காரு!”

பின்வரிசையிலிருந்து மூத்த வக்கீல் போட்ட சத்தத்தில் எப்படி மேடத்தின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. சாட்சி வாயைத் திறப்பதற்குள் அவர் தடுத்துவிட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் “எப்படி?” என்று கேட்பதால் நாத்தனார் சூட்டிய பட்டம் இது. பஸ் வரவில்லை என்றால் எப்படி வராமல் போகும்? பால் பொங்கிவிட்டது என்றால் எப்படிப் பொங்கியது? வீட்டில் இது வெறும் தொல்லை. குறுக்கு விசாரணையிலோ தானே தோண்டிக்கொள்ளும் குழி. விடை தெரியாத கேள்வியை எதிர்த்தரப்பு சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பதுதான் புது வக்கீல்களுக்கு முதல் பாடம். அந்தப் பயிற்சித் தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்றும் தோற்றால் கறுப்பு அங்கியை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

வழக்கு கற்பனை, புது வக்கீல்களின் பயிற்சிக்காக மூத்த வக்கீலே எழுதியது. மனைவியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றதாகக் கணவன் மீது குற்றச்சாட்டு. அன்று தான் ஊரிலேயே இல்லை என்கிறான் அவன். பார்த்தேன் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவனுக்காக எப்படி மேடம் வாதாட வேண்டும். வருஷா வருஷம் இதே வழக்குதான். கணவன் விடுதலையாகும்போதெல்லாம் மூத்த வக்கீலின் முகம் மலர்ந்துவிடும். பாவம், அவரும் மனைவியை இழந்தவர், இந்தப் பயிற்சிதான் அவருக்கு உலகம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

சாட்சியாக நடிக்க நாடகக் குழுவிலிருந்து ஒரு அம்மாளுக்குச் சொல்லியிருந்தார்கள். கூண்டில் நின்றவள் தலையோடு சால்வை போர்த்தியிருந்தாள். கண் இமைத்ததாகவே தெரியவில்லை. கேள்வி கேட்பவளை விட்டுவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்ப முதல்லேர்ந்து கேளு. நான் கனைச்சா நிறுத்திடு,” என்றார் மூத்த வக்கீல்.

“அன்னிக்கு மாடிப்படியில விளக்கு எரியலை, சரிதானே?”

“ஆமாம்மா.”

“அவர் மூஞ்சியை நீங்க பார்க்கலை?”

“பார்க்கலைம்மா.”

வெற்றி! உட்கார வேண்டியதுதான் பாக்கி. பின்னாலிருந்து இரண்டு முறை கனைப்பும் வந்தது. ஆனால் அவள் நாக்கு என்றைக்கு யார் பேச்சைக் கேட்டிருக்கிறது?

“அப்போ அவர்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கனைச்சார்ம்மா. இப்போ கேட்டுச்சே, அதே மாதிரி ரெண்டு தடவை.”

மற்ற புது வக்கீல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைக்குக் கிடைத்ததை வைத்தே பிச்சு உதறுகிறாளே இந்த நடிகை! மூத்த வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

“அது கேஸ் கட்டுல இல்லையே! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்மா.”

“அப்படித்தான் சொல்றேன் சார்.”

“சரி, இனிமே கனைக்கலை. நான் எழுந்து நடந்தா நிறுத்திக்கோ,” என்று எப்படி மேடத்திடம் எரிந்து விழுந்தார்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

“கனைக்கிறவங்க ஊர்ல ஆயிரம் பேர், இல்லையா?”

“ஆமாம்மா.”

மூத்த வக்கீல் எழுந்து நடந்தார். எப்படி மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் “எப்…” என்பது வரை வெளியே வந்துவிட்டது.

“ஷூம்மா,” என்றாள் சாட்சி. “இடது கால் மட்டும் கிறீச்சுங்கும்.”

தூக்கிய இடது காலைக் கீழே வைக்காமல் நின்றார் மூத்த வக்கீல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“கேள்வியே வேண்டாம்,” என்றார் அவர் மெல்ல. “உட்காரு. உன்னைப் பாஸ் பண்ணிட்டேன்.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவரும் நடிகையும் பேசிவைத்துக்கொண்டு, தன் நாக்கைச் சோதிக்க ஆடிய ஆட்டம்! நல்ல ஆள்தான்! போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

“ஒண்ணே ஒண்ணும்மா. இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லாம எப்படி இருந்தீங்க?”

“அவர்தான் கிட்ட வந்து, ‘யாராவது கேட்டா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு’ன்னார்.” சாட்சியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “இத்தனை வருஷமா ஒருத்தரும் கேக்கலைம்மா.”

எப்படி மேடம் கைதட்டினாள். மூத்த வக்கீல் கதவைப் பார்த்து விரைந்தார். எதிரே பியூன் வந்தான்.

“யோவ், இந்தம்மாவை எந்த நாடகக் குழுவிலேர்ந்து கூட்டிட்டு வந்தே?”

“நடிக்கிற அம்மா இன்னும் வரவே இல்லையே சார். இவங்க உங்க பழைய வீட்டுக்குப் பக்கத்து வீடாம், சாட்சி சொல்லணும்னாங்க, உள்ள அனுப்பிட்டேன்.”